அப்லோடு எவ்வளவு?

அந்த வீட்டில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். வைத்தவள் கீழறையில் இருந்த மகாராணி. மகாராணி என்பதும் பட்டப்பெயர்தான், அதை வைத்தவள் சிடுமூஞ்சி. இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நெட்டை. மூன்று பேரும் வெவ்வேறு படிப்பு. சேர்ந்து பிடித்த வாடகை வீட்டில் சமையலறை ஒன்று, குளியலறை ஒன்று, சண்டை போட ஒரு கூடம். வீட்டிலேயே பெரிய அறையைக் குலுக்கல் இல்லாமல் எடுத்துக்கொண்டவள் மகாராணி. மாடியில் பின்பக்கத்து அறை, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே எப்போதும் ஈரம் கசியும் அறை, சிடுமூஞ்சிக்கு வாய்த்தது.

பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவள் கோபக்காரியே இல்லை. அவளுடைய அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பா இவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். வாயால் பேசுவதற்கு முன்பே கையால் பேசக் கற்றவள் இவள். கையால் பேசும்போது முகமும் சேர்ந்து பேச வேண்டும். கேள்வி என்றால் புருவம் ஏறும், சந்தேகம் என்றால் மூக்கு சுருங்கும், வேண்டாம் என்றால் தலையும் உதடும் சேர்ந்து மறுக்கும். அந்தப் பழக்கம் வாயால் பேசும்போதும் போகவில்லை. "உப்பு எங்க?" என்று கேட்டால்கூட, ஏதோ உப்பைத் திருடியவளைக் கேட்பதுபோல இருக்கும் அவள் முகம். அதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர்.

அம்மா ஒரு தையல் கம்பெனியில் சீருடைச் சட்டைகளுக்குக் காலர் தைக்கிறவர். சித்தியோடு ஒரே வீட்டில் இருந்தார். சித்திக்குக் காது கேட்கும், ஆனால் அவருடைய வேலை ஷிப்ட் வேலை. மகளும் தாயும் பேசிக்கொள்வதற்கு நடுவில் யாரும் இல்லை, போன் திரை ஒன்றுதான். அம்மா எழுத்துக்கூட்டிப் பெயர்ப்பலகை படிப்பார், அவ்வளவுதான். நாலு வரியில் செய்தி அனுப்பினால் அதில் பாதி புரியாது, புரிந்ததும் தவறாகப் புரியும். "போனில் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடுகிறேன்" என்று மற்றவர்கள் எழுந்து போகிற காரியம், இவளுக்கு வெளிச்சமும் இடமும் நல்ல இணைப்பும் இருந்தால்தான் நடக்கும். மாடி அறையில் போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. முதல் வாரங்களில் பேருந்து நிறுத்தம்வரை நடந்துபோய், அங்கே நின்று கையை வீசிப் பேசினாள். பேருந்துக்கு நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பேருந்தை நிறுத்துவதற்குக் கை காட்டுகிறாளோ என்று ஓட்டுநர்கூட ஒருமுறை நிறுத்திவிட்டார்.

அதனால் வீட்டுக்கு பிராட்பேண்ட் போடலாம் என்று பேச்சு வந்தபோது, மூன்று பேரிலும் அதிகம் சந்தோஷப்பட்டவள் அவள்தான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி. அப்லோடு எவ்வளவுன்னு மட்டும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

வெளியிலிருந்து நம்மிடம் வருவது டவுன்லோடு, நம்மிடமிருந்து வெளியே போவது அப்லோடு. படம் பார்க்கிறவர்களுக்கு வருவது போதும். இவளுக்குப் போவதும் வேண்டும். அம்மாவின் கை இவளுக்குத் தெரிந்தால் மட்டும் போதுமா? இவள் கை அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா? காரணத்தை விளக்காமல், அந்த ஒரு கேள்வியை மட்டும் கூடத்தில் வைத்து நேரிலேயே சொன்னாள். பிறகு மூவரும் இருந்த போன் குழுவிலும் எழுதினாள். மகாராணி அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் போட்டாள். படித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

இவள் செய்முறை வகுப்பில், யாரோ ஒரு முதியவரின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்த மதியத்தில், கல்லூரி வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருந்த விற்பனைக்காரனிடம் மகாராணி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

"டவுன்லோடு சும்மா பறக்குமாம். சினிமா சேனல் ஏழெட்டு ஃப்ரீ. நெட்டைகிட்டயும் கேட்டுட்டேன், சரின்னா" என்றாள், புதுப் பாத்திரம் வாங்கி வந்ததுபோல.

"அப்லோடு?"

"அதான் பறக்கும்னு சொல்றேனே."

"அது டவுன்லோடு. நான் கேட்டது அப்லோடு."

"ஒண்ணு பறந்தா இன்னொண்ணு பறக்காதா? எல்லாம் ஒரே வயர்லதானே வருது?"

கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, பெரிய பெரிய எழுத்துகளையெல்லாம் தாண்டி, அடியில் எறும்பு ஊர்வதுபோல இருந்த வரியைப் பூதக்கண்ணாடி வைத்த மாதிரிப் பெரிதாக்கிப் பார்த்தாள் சிடுமூஞ்சி. வருகிற பாதை நெடுஞ்சாலை, போகிற பாதை ஒற்றையடிப் பாதை. அதிலும் ஒன்றரை வருட ஒப்பந்தம். அவர்கள் அந்த வீட்டில் இருக்கப்போவதே ஒரு கல்வியாண்டுதான்.

அன்றைக்குத்தான் அந்த வீடு முதல் சத்தத்தைக் கேட்டது. "கேட்டேனா இல்லையா? வாய்விட்டுக் கேட்டேன், எழுதியும் கேட்டேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்த ஆள்கிட்ட கேட்டா உன் நாக்கு தேஞ்சு போயிடுமா?"

"ஐயோ, இதுக்குப் போயா? சரியான சிடுமூஞ்சிடி நீ" என்று மகாராணி சிரித்தாள். நெட்டை அடுப்பை அணைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நழுவினாள். அடுப்பு எரியவே இல்லை.

இணைப்புப் போட வந்தவர் அவசரக்காரர். ஏணியை வாசலில் சாய்த்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வைஃபை பெட்டியை மாடிப்படிக்கு மேலே வைத்தால் எல்லா அறைக்கும் பொதுவாக இருக்கும் என்று சிடுமூஞ்சி சொன்னாள். அவரும் தலையாட்டினார். ஆனால் அதற்குச் சுவரில் ஒரு துளை போட வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் இருந்தார். போனில் கேட்டதும் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"என் சுவத்துல ஆணி அடிச்சாலே என் நெஞ்சுல அடிச்ச மாதிரிம்மா. துளையெல்லாம் நடக்காது. கீழ் ரூம்ல பழைய போன் ஓட்டை இருக்கு, அதுவழியா வந்தா வரட்டும்."

கீழ் ரூம் யாருடையது? மகாராணியுடையது. அவளுடைய கட்டில் தலைமாட்டில் பெட்டி உட்கார்ந்து பச்சைக் கண்ணைச் சிமிட்டியது. மாடிப் பின்னறைக்கு வருவதற்குள் அந்த வீட்டின் தடித்த சுவர்கள் அதை விழுங்கிவிட்டன. எங்கே கொஞ்சம் ஒழுங்காகக் கிடைக்கிறது என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்ததில், மாடிப்படியின் நடுவில், படி திரும்புகிற இடம் அகப்பட்டது. அதற்குப் பிறகு அம்மாவோடு அவள் பேசியதெல்லாம் அங்கே உட்கார்ந்துதான். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். துணி வாளியோடு தாண்டினார்கள், தட்டோடு தாண்டினார்கள். யாராவது குறுக்கே வந்தால் அவள் வாக்கியம் அறுந்துபோகும். திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மகாராணி ஒருநாள் தாண்டும்போது சொன்னாள். "எதுக்கு இவ்வளவு கஷ்டம்? மெசேஜ் அனுப்ப வேண்டியதுதானே. நாங்கல்லாம் அப்படித்தானே அம்மாகிட்ட பேசறோம்."

இவள் திரையை விட்டுத் திரும்பாமல் அம்மாவோடு பேச்சைத் தொடர்ந்தாள். அம்மாவின் எழுத்தறிவைப் பற்றி மகாராணியிடம் படிக்கட்டில் உட்கார்ந்து விளக்கம் கொடுக்க வேண்டுமா என்ன?

கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். இசை கேட்டது, பிறகு மறுபடி இசை கேட்டது. ஒரு பெண் வந்து, "பாக்ஸை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?" என்றாள்.

"பாத்தாச்சுங்க. வேகமே கம்மி. அப்லோடு நீங்க போட்டிருக்கறதுல பாதிகூட வரல."

"வைஃபை சுவரைத் தாண்டலைன்னா அதுக்குக் கம்பெனி பொறுப்பில்ல மேடம்."

"பாக்ஸ் பக்கத்துலயே நின்னு பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"அப்ப அந்த நேரத்துல வீட்ல வேற யாராவது யூஸ் பண்ணிட்டு இருந்திருப்பாங்க மேடம்."

மூன்று பேருக்கு விற்ற இணைப்பை ஒருத்தி மட்டும் பயன்படுத்த வேண்டுமாம். போனை வைத்த பிறகும் அந்த மேடம் அவள் காதில் கொதித்துக்கொண்டே இருந்தது.

முதல் செமஸ்டர் பரீட்சை நெருங்கிய ஒரு மதியம் அம்மா கூப்பிட்டார். வெளியே நல்ல மழை, பேருந்து நிறுத்தத்துக்குப் போக வழியில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தாள். அம்மாவின் முகம் வழக்கம்போல் இல்லை. கண்களைத் தொட்டுக் காட்டினார். இரண்டு கைகளையும் முகத்துக்கு இருபுறமும் வைத்து மெதுவாக உள்ளே நெருக்கினார். ஓரம் தெரியவில்லை, பக்கத்து மெஷினில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் என்கிறார் டாக்டர், ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். உனக்குப் பரீட்சை வருகிறதே. இப்போதே செய்துகொள்ளட்டுமா, நீ வந்த பிறகு செய்துகொள்ளட்டுமா?

காது இல்லாதவருக்குக் கண்தான் காது, கண்தான் நாக்கு. கை வேகமாக ஓடியது. காத்திருக்க, என்று காட்டினாள். உடனே தலையை அசைத்து, கையைக் குறுக்கே வெட்டி, வேண்டாம் என்றாள். இப்போதே செய்துகொள். பரீட்சை முடிந்ததும் நான் வந்துவிடுகிறேன்.

திரையில் அம்மா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் இவள் படம் அங்கே உறைந்திருக்குமோ என்று நினைத்தாள். அப்போது கீழறையிலிருந்து மகாராணி யாரிடமோ போனில் சொல்வது கேட்டது. "வீடியோ இன்னும் ஏறிட்டே இருக்குடி. ஃபங்ஷன்ல நான் ஆடினது முழுசும் போடறேன்ல, டைம் ஆகும்."

பிறகு அம்மா அசைந்தார். தலையை ஆட்டினார். சரி, படி, என்று காட்டிவிட்டு வைத்துவிட்டார்.

கையால் பேசும்போது வேண்டாம் என்பது கடைசியில்தான் வரும். அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது, காத்திரு. அதற்குப் பின் உறைந்துபோன ஒரு படம்; வேண்டாம் என்பதும் இப்போதே செய்துகொள் என்பதும் அதில் போய்விட்டன. அதற்குப் பின், பரீட்சை முடிந்ததும் நான் வந்துவிடுகிறேன்.

இது இவளுக்கு அன்றைக்குத் தெரியாது. பிள்ளை நிம்மதியாகப் படிக்கட்டும் என்று அம்மா அதன் பிறகு கூப்பிடவே இல்லை. கட்டுப் போட்ட கண்ணை மகளுக்குக் காட்டப் பிரியமில்லாமல்தான் கூப்பிடவில்லை என்று இவள் நினைத்துக்கொண்டாள். மனசு கேட்காமல் சித்திக்குச் செய்தி அனுப்பினாள். "அம்மா கண் விஷயம் என்ன ஆச்சு?" சித்தியிடமிருந்து பதில் வந்தது. "நீ சொன்னபடியே பாத்துக்கறோம். கவலப்படாம படி." நீ சொன்னபடியே. அதைப் படித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள், பாவி. பிற்பாடு தன்னையே அப்படித்தான் திட்டிக்கொண்டாள்.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுக் கல்லூரி வாசலுக்கு வந்ததும் சித்தியைக் கூப்பிட்டாள். "சித்தி, அம்மா கண்ணுல கட்டுப் பிரிச்சாச்சா?"

"எந்தக் கட்டு?"

"ஆபரேஷன் கட்டு."

சித்தி வெடித்தார். "ஏண்டி, நீதானே காத்திரு, நான் வந்தப்புறம்னு சொன்னே? டாக்டர் அவசரப்படுத்தறார், நான் தலைகீழா நிக்கறேன், உங்கம்மா அசையவே மாட்டேங்கறா. என் பொண்ணு டாக்டருக்குச் சமானம், அவ சொல்லிட்டான்னு உக்காந்திருக்கா. நேத்து மெஷின்ல விரல விட்டுக்கிட்டா. பக்கத்துல என்ன வருதுன்னே தெரியல அவளுக்கு."

கல்லூரி வாசலில் அவளைச் சுற்றிப் பரீட்சை முடிந்த கும்பல் கத்திக் கூத்தடித்துக்கொண்டிருந்தது. அவள் அதன் நடுவிலேயே நின்றாள். நான் வேண்டாம்னு சொன்னேனே, வேண்டாம்னு சொன்னேனே என்று வாய் முணுமுணுத்தது. கையும் தானாக வெட்டி வெட்டிக் காட்டியது. யாரும் பார்க்கவில்லை.

பையை எடுக்க வீட்டுக்கு வந்தவள் நேராக மகாராணியின் அறைக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை.

"மழை பெஞ்ச அன்னிக்கு மத்தியானம் என்ன வீடியோ ஏத்தினே?"

மகாராணி கட்டிலில் படுத்திருந்தாள். "எந்த மத்தியானம்? எனக்கென்ன ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு. நீ ஆடின ஆட்டம் முழுசா ஊருக்குப் போய்ச் சேரணும்னு, எங்கம்மாவுக்குப் போக வேண்டிய ஒரு வார்த்தை போகல. எங்கம்மாவுக்குக் கண்ணு போகுது."

நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல மகாராணியின் முகம் வெளுத்தது. நெட்டை வாசல்படியில் வந்து நின்றாள்.

"எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றாள் மகாராணி. "நீ சொல்லவே இல்லையே. அம்மாவுக்குக் காது கேக்காதுன்னு தெரியும், ஆனா இவ்வளவு..."

"கேட்டேன்ல? ஒரே ஒரு கேள்விதானே கேட்டேன். காரணம் சொன்னாத்தான் கேப்பியா? எங்கம்மா ஊமைன்னு அழுது காட்டினாத்தான் கேப்பியா? ஒருத்தி ஒரு விஷயம் வேணும்னு சொன்னா, அது அவளுக்கு வேணும். அது போதாதா?"

"சத்தியமா நான் வேணும்னு பண்ணல."

"தெரியும். வேணும்னு பண்ணியிருந்தா ஒரு அறை விட்டுட்டுப் போயிருப்பேன். நீ என்னை ஒரு ஆளாவே நினைக்கல, அதுக்கு நான் என்ன பண்றது?"

நெட்டையைப் பார்த்தும் திரும்பினாள். "நீயும்தான். சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் என் முகம் ஞாபகம் வரலையா உனக்கு?"

நெட்டை அழுதாள். இவளுக்கு அழுகை வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பேருந்து ஏறினாள். வழியெல்லாம் ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே முறைத்துக்கொண்டு போனாள்.

ஆபரேஷன் நடந்தது. அழுத்தம் குறைந்தது. மிச்சமிருந்த பார்வை தங்கிவிட்டது. ஆனால் போன ஓரம் போனதுதான், திரும்பாது என்றார் டாக்டர். அந்தக் காத்திருந்த வாரங்களில்தான் போயிற்றா என்று அவள் விடாமல் கேட்டாள்.

"அதுக்கு முன்னாடியே கொஞ்சம் போயிருக்கும். நடுவுல கொஞ்சம் போயிருக்கும். இவ்வளவு இதால, இவ்வளவு அதாலன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். நல்ல மனிதர். அவர்மீதும் அவளுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த அளவுக்காவது ஒருவரைத் திட்டித் தீர்த்திருக்கலாம். இப்போது எங்கே கொண்டுபோய் இறக்குவது இந்தக் கோபத்தை?

கல்லூரி திறந்து திரும்பி வந்ததும் அவள் செய்த முதல் வேலை, வேறொரு கம்பெனியைத் தேடிப் பிடித்தது. தெருக்கம்பத்தில் புதிதாகக் கண்ணாடி இழைக் கேபிள் வந்திருந்தது. அந்த அலுவலகத்துக்கு நேரில் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சினிமா சேனல்களைப் பற்றி ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வேண்டாங்க. அப்லோடு எவ்வளவு?"

"டவுன்லோடு எவ்வளவோ அதே அளவுதாங்க. ரெண்டும் சமம்."

"மாசா மாசம் புதுப்பிக்கற மாதிரி இருக்கா? வருஷக்கணக்குல கட்டிப்போட மாட்டீங்களே?"

"இருக்குங்க."

"பாக்ஸ் நான் சொல்ற இடத்துலதான் வைக்கணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

வீட்டுக்காரர் மறுபடி ஓடி வந்தார். இந்தமுறை அவள் வாசலிலேயே மறித்து நின்றாள். "சுவரைத் தொடவே மாட்டாங்க சார். என் ரூம் ஜன்னல் சட்டத்துல முன்னாடியே ஒரு ஓட்டை இருக்கு. அதுவழியா மயிர் கனத்துக்கு ஒரு வயர் வரும். அதுவும் கூடாதுன்னா முதல்ல என் கூரை ஒழுகறதைப் பத்திப் பேசலாம். வந்த நாள்லேருந்து உங்ககிட்ட சொல்லிட்டு இருக்கேன். அது உங்க சுவர் இல்லையா? அதுல ஈரம் ஏறினா உங்க நெஞ்சுல ஏறலையா?"

வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வயர்தானே, வரட்டும் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

பெட்டியை அவள் மேசைமேல் வைத்து, மடிக்கணினிக்கு நேராகக் கம்பி கொடுத்தார்கள். கடவுச்சொல்லை நெட்டைக்குச் சொன்னாள். மகாராணிக்குச் சொல்லவில்லை. சின்னத்தனம்தான், அவளுக்கே தெரியும். தெரிந்தும் செய்தாள். மகாராணி பழைய கம்பெனியோடு தானே மல்லுக்கட்டி, இசை கேட்டு, மேடம் கேட்டு, கடைசியில் அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு வந்து மாடியறை வாசலில் நின்றாள்.

"இனிமே வீடியோ ஏத்தறதுன்னா காலேஜ்ல வச்சு ஏத்திக்கறேன்" என்றாள். "உங்கம்மா எப்படி இருக்காங்க?"

"பாதி தெரியுது."

மன்னிச்சிடு என்று மகாராணியிடமிருந்து ஒரு வார்த்தை வந்தது, மிகவும் மெதுவாக. சிடுமூஞ்சி பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயமே இல்லை, பிறகு எப்படிச் சொல்வாள்? கடவுச்சொல்லை மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவர்கள் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், முறைத்துக்கொள்ளாமலும் சிரித்துக்கொள்ளாமலும் அந்த ஆண்டை ஓட்டினார்கள்.

அம்மாவோடு பேசுவது மாறிவிட்டது. முன்பெல்லாம் அவள் கை தோளுக்கு வெளியே, இடுப்புவரை, இஷ்டத்துக்குப் பறக்கும். இப்போது அப்படிப் பேசினால் பாதி அம்மாவின் பார்வைக்கு வெளியே விழுந்துவிடும். அதனால் முகத்துக்குக் கீழே, கழுத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தட்டு அளவு இடத்துக்குள் கையை அடக்கிப் பேசக் கற்றுக்கொண்டாள். விரல்கள் ஒன்றோடொன்று இடிக்கும். பழகச் சில நாள் பிடித்தது. இணைப்பு ஒருதரமும் உறையவில்லை. இவ்வளவு சீராக ஓடுகிறதே என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒருநாள் அவள் மறுபடி பழைய கதையை எடுத்தாள். என் கை தெரிந்ததா என்று நான் அன்றைக்கே ஒருதரம் கேட்டிருக்க வேண்டும், என்றாள். அம்மாவுக்கு வந்ததே கோபம். மேசையில் ஓங்கித் தட்டினார், திரை குலுங்கியது. போதும். நானும்தான் திரும்பக் கேட்கவில்லை. ரெண்டு பேரும் கேட்கவில்லை. இனிமேல் இதைப் பேசினால் போனை வைத்துவிடுவேன்.

பிறகு அதே வேகத்தில் வேறொரு சண்டைக்குத் தாவினார். கம்பெனியில் சூப்பர்வைசர் அவரை ஜன்னலோரத்திலிருந்து தூக்கி இருட்டு மூலையில் உட்கார வைத்துவிட்டானாம். கண் சரியில்லாதவளுக்கு வெளிச்சம் எதற்கு என்று கேட்டானாம். அம்மாவின் கைகள் திரையை நிறைத்துப் பறந்தன. சூப்பர்வைசரின் தொந்தியும் நடையும் அப்படியே வந்தன. மகளுக்கு ரத்தம் கொதித்தது. நீ என்ன சொன்னாய், என்று தட்டளவு இடத்துக்குள் கேட்டாள்.

என் மெஷினை நானே இழுத்துக்கொண்டுபோய் ஜன்னல் பக்கம் போட்டுவிட்டேன், என்றார் அம்மா. நாளைக்கு அவன் ஆபீஸில் விசாரணையாம். நீயும் வீடியோவில் வா. நான் சொல்வதை அவர்களுக்கு வாயால் சொல்ல ஆள் வேண்டும்.

எத்தனை மணிக்கு, என்று கேட்டாள் மகள்.